நடக்கப்போவதற்குச் செய்த சத்தியம்

என் அக்கா புருஷன் ஜாசிப் ஒரு சுவாரசியமில்லாத மனுஷன். குறையாகச் சொல்லவில்லை. எங்கள் சித்ரியா ஊரில் சுவாரசியமான ஆட்களையெல்லாம் தொண்ணூற்றொன்றில் கலகம் அடங்கியதுமே அரசாங்கத்துப் பட்டாளத்தார் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சமிருந்த நாங்கள் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, யார் கண்ணிலும் படாமல் பிழைத்துக் கிடந்தவர்கள். அதிலும் ஜாசிப் கண்ணில் படாதவர்களுக்கெல்லாம் தலைவர்.

அவருக்கு ரேஷன் கடை. யூப்ரடீஸ் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களுக்கு மாவு, அரிசி, சர்க்கரை, டீத்தூள், எண்ணெய், சோப்பு எல்லாம் அவர் கையால்தான். பக்கத்துக் கடை என்னுடையது, சவரக் கடை. பன்னிரண்டு வருஷம் அவர் தராசு பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். முள் நேராக நிற்கும்வரை மூச்சுவிட மாட்டார். நின்றபிறகு ஒரு கைப்பிடி அள்ளிப் போடுவார். "முள்ளு நேரா நின்னா கடைக்காரன் நல்லவன்னு அர்த்தம், கொஞ்சம் சாய்ஞ்சா வாங்கறவங்க தூங்குவாங்க" என்பார். அவர் சொன்னதிலேயே பெரிய தத்துவம் அதுதான்.

ஊரில் யார் செத்தாலும் குடும்பத்தார் அழுவார்கள், அடக்குவார்கள், ஆனால் கார்டிலிருந்து பெயரை எடுக்கச் சொல்ல மாட்டார்கள். ஒரு பெயருக்கு மாதம் ஒன்பது கிலோ மாவு. உயிரோடு இருந்த காலத்தில் வீட்டுக்கு ஒன்பது கிலோ எதுவும் கொண்டுவராத ஆண்கள்கூடச் செத்தபிறகு தவறாமல் கொண்டுவந்தார்கள். ஜாசிப்புக்கு எல்லாம் தெரியும். தெரியாத மாதிரி நிறுத்துப் போடுவார். அமெரிக்கப் படை வருவதற்கு முந்தின வருஷம் ஒரு வாக்கெடுப்பு நடந்ததே, அப்போதைய நாட்டுத் தலைவர் வேண்டுமா வேண்டாமா என்று, அதற்கும் இந்த ரேஷன் பட்டியலைத்தான் வாங்கிக்கொண்டு போனார்கள். நூற்றுக்கு நூறு "வேண்டும்" என்று வந்தது. எங்கள் ஊர்ச் செத்தவர்களும் ஒருமனதாக வேண்டும் என்றார்கள்.

பிறகு அமெரிக்கப் பட்டாளம் வந்தது. வந்ததும் "இந்த ஊருக்கு யார் பெரியவர்?" என்று கேட்டார்கள். கூட்டத்தில் ஃபர்ஹான் என்பவன் கோட்டு போட்டுக்கொண்டு முன்னால் நின்றான். எங்கள் வெயிலில் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறவன் பெரியவனாகத்தான் இருப்பான் என்று நினைத்தார்களோ என்னவோ, அவனையே மேயர் ஆக்கிவிட்டார்கள். பழைய ஆட்சியில் ரேஷன் லாரியை வழியில் நிறுத்திப் பாதியை இறக்கிக்கொண்டவன் அவன். மேயரானதும் குடிநீர் நிலையத்து மோட்டாரைக் கழற்றி விற்றான். ஊரைச் சுற்றி ஆறு ஓட, நாங்கள் குடத்தோடு நின்றோம். பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் எல்லாரும் பட்டாளத்து வாசலில் போய்க் கத்தினோம். "இவன் வேண்டாம், எங்க ஆளை நாங்களே தேர்ந்தெடுத்துக்கறோம்!"

உள்ளேயிருந்து வந்த கேப்டன் டோலனுக்கு முகமெல்லாம் பல். அவர் ஊரில் தண்ணீர்க் குழாய் இன்ஜினியராம், இங்கே எங்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. "இதுக்காகத்தான் நாங்க ஏழு கடல் தாண்டி வந்தோம்" என்றார். பாஸ்ராக்காரன் ஒருவன் மொழிபெயர்த்தான். அந்த வாரமே பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டு, "ஜூன் இருபத்தொன்று, சனிக்கிழமை, தேர்தல்" என்று தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். ஓட்டர் பட்டியல் இருக்கிறதா என்று கேட்டார். யாரோ பின்னாலிருந்து, "ஜாசிப்கிட்ட இருக்கு" என்றான்.

"என்கிட்ட இருக்கறது மாவுப் பட்டியல்" என்றார் ஜாசிப்.

"அதுல எல்லாரும் இருக்காங்களா?"

"எல்லாரும் இருக்காங்க. தொண்ணூத்தேழு பேரு செத்துட்டாங்க, அவங்களும் இருக்காங்க."

கேப்டன் சிரித்தார். ஜாசிப் சிரிக்கவில்லை. அவர் தகவல் சொன்னார், அவ்வளவுதான்.

அப்படித்தான் என் மச்சான் தலையில் அந்த வேலை விழுந்தது. குடும்பத்துக்கு ஒரு தாள், வீடு வீடாகப் போய் எழுதுவது. உயிரோடு இருப்பவர் பெயரும் வயசும் ஒரு பக்கம், செத்தவர் பெயர் ஒரு பக்கம். செத்தவருக்கு மாவு உண்டு, ஓட்டு கிடையாது என்று அவரே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். பொய் சொல்லாமல் இருக்க ஒவ்வொரு வீட்டிலும் அப்பாஸ் மேல் சத்தியம் வாங்குவது என்று முடிவு. எங்கள் பக்கத்தில் அல்லாஹ் மேல் ஆணையிட்டுக் கழுதையைக் குதிரை என்று விற்றவன் உண்டு. அல்லாஹ் மன்னிக்கிறவன். ஆனால் கர்பலாப் போரில் உயிர்விட்டு அங்கேயே அடங்கியிருக்கிற அப்பாஸ் ஹஸ்ரத் கோபக்காரர். அவர் பெயரைச் சொல்லிப் பொய் பேசினால் வாய் கோணிப்போகும். கோணிப்போன ரெண்டு பேருக்கு நானே சவரம் செய்திருக்கிறேன், கஷ்டமான வேலை.

கடையைச் சாத்திவிட்டு நானும் கூடப் போனேன். முதல் தெருவிலேயே முஹைபிஸ் அம்மா வீடு. ஃபதீலா என்று பெயர் இருந்தாலும் ஊரில் எல்லாருக்கும் முஹைபிஸ் அம்மாதான். முஹைபிஸ் தொண்ணூற்றொன்றில் லாரி ஏறியவர்களில் ஒருவன். பத்தொன்பது வயசு, பார்க்கிறவர்களையெல்லாம் கேலி பண்ணுகிறவன். அந்தம்மா ரொட்டி அடுப்பிலிருந்து நிமிரவே இல்லை.

"தாளு எதுக்கு?"

"ஓட்டுக்கும்மா" என்றார் ஜாசிப்.

"யாருக்குப் போடணும்?"

"உங்களுக்குப் பிடிச்சவங்களுக்கு."

"எனக்கு யாரையும் பிடிக்கலையே."

"அப்ப கொஞ்சமாப் பிடிக்காதவருக்குப் போடுங்க."

"போடலைன்னா வீட்டுக்கு வருவாங்களா?"

"யாரும் வர மாட்டாங்க."

அந்தம்மா நிமிர்ந்து பார்த்தது. "என் பிள்ளையையும் ஒரு தாளைப் பார்த்துத்தான் கூப்பிட்டானுங்க. கணக்கெடுக்கறோம், அரைமணி நேரம், பள்ளிக்கூடத்துக்கு வாங்கன்னானுங்க. பன்னண்டு வருஷமாச்சு, கணக்கு இன்னும் முடியலை. பேரு எழுதறவனைப் பார்த்தாலே எனக்குக் கதவைச் சாத்திக்கணும்போல இருக்கு ஜாசிப்பு. நீ நல்லவன்தான். அவன் பேரைப் படிச்சவனும் பார்க்க நல்லவனாத்தான் இருந்தான்."

ஜாசிப் தாளைக் கீழே இறக்கினார்.

"நீ சத்தியம் கேக்கற இல்ல? மொதல்ல நீ பண்ணு" என்றது. "இந்தத் தாளு ஓட்டைத் தவிர வேற எதுக்கும் போகாது. அந்த ஓட்டும் சொன்ன நாள்ல நடக்கும். ரெண்டுக்கும் சேர்த்து அப்பாஸ் மேல பண்ணு. அப்பறம் நான் பேரு சொல்றேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாஸ் சத்தியம் நடந்து முடிந்ததற்குச் செய்வது. எடுத்தேன், எடுக்கவில்லை, பார்த்தேன், பார்க்கவில்லை. நாளைக்கு நடக்கப்போவதற்கு எங்கள் பக்கத்தில் எந்தப் பைத்தியக்காரனும் அந்தப் பெயரை இழுக்க மாட்டான். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"மச்சான், வேணாம். நாளைக்கு நடக்கறது உங்க கையிலயா இருக்கு?"

"கேப்டன் கையெழுத்துப் போட்டுத் தேதி குடுத்திருக்காரே, ஹாதிம்."

"கேப்டன் பேரைச் சொல்லிச் சத்தியம் பண்ணச் சொல்லலையே இந்தம்மா!"

ஜாசிப் என்னைப் பார்க்கவில்லை. அந்தம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வலது கையைத் தூக்கி, ரெண்டுக்கும் சேர்த்துச் செய்துவிட்டார். முஹைபிஸ் அம்மா அடுப்பை மூடிவிட்டு வந்து, தன் பெயரை உயிரோடு இருக்கிற பக்கத்தில் சொன்னது. மகன் பெயருக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டது. உயிரோடு இருக்கிறான் என்று சத்தியம் பண்ண முடியாது, இல்லை என்றும் பண்ண முடியாது. ஜாசிப் தாளில் மூன்றாவதாக ஒரு பக்கம் கோடு போட்டு, "தெரியாது" என்று தலைப்பு எழுதினார். ஊர் முழுக்க எழுதி முடித்தபோது அந்தப் பக்கத்தில் முப்பத்தொரு பேர் இருந்தார்கள்.

சேதி எங்களுக்கு முன்னால் ஓடியது. அடுத்த வீட்டிலும் அதே சத்தியம் கேட்டார்கள். அதற்கடுத்த வீட்டிலும். நானூற்றுப் பன்னிரண்டு வாசலில் என் மச்சான் கை தூக்கினார். கடைசித் தெருவுக்கு வரும்போது தொண்டை கட்டிப்போய், சத்தியம் வெறும் காற்றாகத்தான் வந்தது. அங்கேயும் ஒரு கிழவர், "கேக்கலை, மறுபடி பண்ணு" என்றார்.

பட்டியல் முடிந்தது. தச்சர் பலகையில் பெட்டி செய்தார். கால்நடை டாக்டர் ஒருவர், தலைமை ஆசிரியர் ஒருவர், ஃபர்ஹான், மூன்று பேரும் நின்றார்கள். ஃபர்ஹான் கோட்டைக் கழற்றிவிட்டுத் தெருத் தெருவாகச் சுற்றினான். டாக்டர் மாட்டுக்கு ஊசி போட்டுவிட்டுப் போகிறபோது மாட்டுக்காரனிடம் ஓட்டுக் கேட்டார். என் கடையில் நாற்காலி காலியாகவே இல்லை. யாரும் முடி வெட்ட வரவில்லை, வாய்ச் சண்டைக்கு வந்தார்கள். என் வாழ்க்கையில் நான் பார்த்த நல்ல மாதம் அது. சொல்வதற்கு என்ன வெட்கம், சந்தோஷமாக இருந்தது.

தேர்தலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, நடுப்பகலில் கேப்டன் டோலன் ஜாசிப் கடைக்கு வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். மாவு மூட்டைமேல் உட்கார்ந்து, "தேர்தல் இல்லை. பாக்தாத்துல மேலிடத்துல நிறுத்தச் சொல்லிட்டாங்க" என்றார்.

"எந்தச் சனிக்கிழமைக்கு மாத்தியிருக்காங்க?" என்று கேட்டார் ஜாசிப்.

"மாத்தலை. நிறுத்திட்டாங்க. இப்ப தேர்தல் வெச்சா வேண்டாதவங்க ஜெயிச்சிடுவாங்களோன்னு யோசிக்கறாங்க."

"யாரு ஜெயிப்பாங்கன்னு எங்களுக்கே தெரியாதே."

"அதான் அவங்களுக்குப் பயம்."

"அது தெரியாமத்தானே தேர்தல் வெக்கறது?"

பாஸ்ராக்காரன் இதை மொழிபெயர்க்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். கேப்டன் எழுந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். கழுத்து வரை சிவந்திருந்தது. வெயிலோ என்னவோ. அவர்மேல் தப்பில்லை என்று ஜாசிப் இன்றுவரை சொல்கிறார். நான் சொல்ல மாட்டேன். தராசில் கை வைத்தவன் எவனாக இருந்தாலும் எடை குறைவு வாங்குகிறவனுக்குத்தான். ஃபர்ஹான் மறுபடி கோட்டை மாட்டிக்கொண்டான்.

ஜாசிப் அன்று சாப்பிடவில்லை. என் அக்கா சப்ரியா தட்டோடு நின்று பார்த்துவிட்டு, "யாரோ எங்கயோ நிறுத்தினதுக்கு நீங்க ஏன் பட்டினி?" என்றாள். அவர் கண்ணாடியில் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோணியிருக்கிறதா என்று.

அடுத்த வாரம் நெடுஞ்சாலையில் பட்டாளத்து லாரியை யாரோ சுட்டார்கள். எங்கள் ஊரிலிருந்து எட்டு கிலோமீட்டர். மறுநாள் கடைக்கு ஒரு மேஜர் வந்தார். கேப்டன் பின்னால் நின்றார்.

"அந்தப் பட்டியல் வேணும்" என்றார் மேஜர். "பதினெட்டு வயசுல இருந்து நாப்பத்தஞ்சு வரைக்கும் ஆம்பளைங்க. வீடு வாரியா இருக்காமே?"

"அது ஓட்டுப் பட்டியல்" என்றார் ஜாசிப்.

"ஓட்டுத்தான் இப்ப இல்லையே."

"அப்ப பட்டியலும் இல்ல."

மேஜருக்கு இது நகைச்சுவையாகப் படவில்லை. வியாழக்கிழமை வரை நேரம் கொடுத்துவிட்டுப் போனார். கேப்டன் மட்டும் பின்தங்கி, "குடுத்துடுங்க ஜாசிப். தப்பு செய்யாதவங்களுக்கு என்ன பயம்?" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

"இதையேதான் சார் தொண்ணூத்தொண்ணுலயும் சொன்னாங்க" என்றார் ஜாசிப்.

அவர்கள் போனதும் நான் குதித்தேன். "எரிச்சுத் தொலைங்க மச்சான்! இப்பவே! அக்காவோட அடுப்பு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு!"

"எரிச்சா, எரிச்சுட்டேன்னு நானேதான் சொல்லணும். ஏற்கெனவே ஒண்ணு சொல்லித்தான் இந்தக் கதி. யாரு நம்புவாங்க? அவங்கவங்க தாளு அவங்கவங்க கையில இருந்தாத்தான் தூக்கம் வரும்."

பைலைப் பிரித்தார். நானூற்றுப் பன்னிரண்டு தாள். எந்த வரிசையில் எழுதினோமோ அதே வரிசையில் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார். கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போகிறவர் மாதிரி சட்டையை மாற்றிக்கொண்டு போனார். ஐம்பது டிகிரி வெயில். முஹைபிஸ் அம்மா வீட்டு வாசலில் தாளை நீட்டி, "ஒண்ணு தவறிடுச்சும்மா. இன்னொண்ணாவது தவறாம இருக்கட்டும்" என்றார். அந்தம்மா தாளை வாங்கி, மகன் பெயர் இருந்த இடத்தை விரலால் தடவிவிட்டு, அடுப்புக்குள் போட்டது. அதே அடுப்பிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து அவர் கையில் வைத்தது. சிலர் ஏசினார்கள். ஒருவன் "சத்தியவான் வந்துட்டாருடா, தள்ளுங்கடா, வழிவிடுங்கடா" என்றான். அவனை அடிக்கப் போன என்னை ஜாசிப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனார். புதன்கிழமை சாயங்காலம் பைலில் அட்டை மட்டும்தான் மிச்சம்.

வியாழக்கிழமை வந்தார்கள். அட்டையைப் பிரித்துப் பார்த்தார்கள். தாள் ஒளித்திருக்கிறதா என்று மாவு மூட்டைகளைக் கத்தியால் கிழித்தார்கள். தெருவெல்லாம் வெள்ளை. ஊருக்கே வரவேண்டிய மாவு காற்றில் பறந்தது. ஜாசிப்பின் கையைப் பின்னால் கட்டி, தலையில் பையை மாட்டி வண்டியில் ஏற்றினார்கள். அக்கா போட்ட சத்தம் ஆற்றின் அந்தக் கரைக்குக் கேட்டிருக்கும். நான் கேப்டன் முகத்துக்கு நேராகப் போய், "உங்க தேர்தலுக்கு வேலை பார்த்தவன்யா அவன்! ஊர்ல உங்களை நம்பின ஒரே முட்டாள் அவன்தான்யா! அவனையே ஏத்தறீங்களே, நீங்க உருப்படுவீங்களா?" என்று கத்தினேன். பாஸ்ராக்காரன் இதை மொழிபெயர்க்கவில்லை. தேவைப்பட்டிருக்காது.

ஐந்து மாதம் பாலைவனத்தில் ஒரு முகாமில் வைத்திருந்தார்கள். என்ன கேட்டார்கள் என்று கேட்டால், "பட்டியல் எங்கேன்னு கேட்டாங்க. குடுத்துட்டேன்னேன். யாருக்குன்னாங்க. அதுல இருந்தவங்களுக்குன்னேன். மறுபடி மொதல்ல இருந்து கேட்டாங்க" என்பார். அடித்தார்களா என்றால் டீ ஆறிப்போகிறது என்பார்.

ஒன்று மட்டும் அவராகச் சொன்னார். முகாமில் கூடாரத்துக்கு நாற்பது பேர். சாப்பாடு வாங்கவும் புகார் சொல்லவும் கூடாரத்துக்கு ஒரு தலைவர் வேண்டும், நீங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்று காவல்காரர்கள் சொன்னார்களாம். சோறு பங்கிடத் தெரிந்தவன் வேண்டும் என்று கூடாரம் முடிவு செய்தது. முப்பத்தாறு பேர் ஜாசிப்புக்குக் கை தூக்கினார்கள். ஆக, எங்கள் ஊரிலேயே முதன்முதலாக ஒழுங்கான தேர்தலில் ஜெயித்த ஆள் என் மச்சான்தான். கம்பிவேலிக்குள் ஜெயித்தார். வெளியே விடும்போது ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். இவரால் ஆபத்து இல்லை என்று அதில் எழுதியிருந்ததாம். ஊரில் கேட்டிருந்தால் சும்மாவே சொல்லியிருப்போம்.

வந்த மறுவாரமே கர்பலாவுக்குப் போனார். அங்கே ஒரு ஷேக்கிடம் நடந்ததைச் சொல்லிப் பரிகாரம் கேட்டார். ஷேக் மார்க்கச் சட்டம் படித்தவர். "அல்லாஹ் பேரைச் சொல்லாம பண்ணின சத்தியம் சட்டப்படி சத்தியமே இல்ல. உங்க மேல ஒரு பொறுப்பும் கிடையாது, நிம்மதியாப் போங்க" என்றார். "அது சட்டத்துக்குச் சரிங்க ஷேக். முஹைபிஸ் அம்மாவுக்கு யாரு சொல்றது?" என்றார் ஜாசிப். ஷேக்கிடம் அதற்குச் சட்டம் இல்லை. ஜாசிப் ஒரு ஆட்டை அறுத்து ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

அடுத்த இலையுதிர் காலத்தில், ஜனவரியில் நிஜமாகவே தேர்தல், நாடு முழுக்க, என்று அறிவிப்பு வந்தது. கூடவே அமெரிக்காவிலிருந்து மிஸ் ஹாரியட் என்று ஒரு அம்மாளும் ஜனநாயகப் பயிற்சி கொடுக்க வந்தார். பள்ளிக்கூடத்தில் ரெண்டு நாள். சுவரில் பெரிய பெரிய தாள் ஒட்டி, கலர் பேனாவால் வட்டம் வட்டமாகப் போட்டார். மதியம் கோழி வைத்த ரொட்டி. ஊரே வந்திருந்தது. கோழி நன்றாக இருந்தது.

ரெண்டாம் நாள் மிஸ் ஹாரியட், "உங்கள்ல யாராவது தேர்தல்ல ஜெயிச்சுப் பதவியில இருந்திருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று பதில் வரும், அதை வைத்து அடுத்த வட்டம் போடலாம் என்று பேனாவைத் திறந்து வைத்திருந்தார். ஜாசிப் கை தூக்கினார்.

"அருமை! என்ன பதவி?"

"கூடாரத் தலைவர்ம்மா. ஒன்பதாம் நம்பர் கூடாரம்."

"எங்கே?"

"உங்க சிறையில."

அந்தம்மாள் பேனாவை மூடினார். நல்ல மனுஷி, முகம் வாடிப்போய்விட்டது. என்ன கேட்பது என்று தெரியாமல், "அந்தத் தேர்தல் நேர்மையா நடந்துச்சா?" என்று கேட்டார்.

"ரொம்ப நேர்மைம்மா" என்றார் ஜாசிப். கிண்டலே இல்லை, தகவல். "செத்தவங்க யாரும் பட்டியல்ல இல்ல. எல்லாரும் வந்து போட்டாங்க. வெளியூர் போனவங்கன்னு யாரும் இல்ல. சொன்ன நாள்ல நடந்துச்சு."

யாரோ சிரிக்க ஆரம்பித்து, இருமலாக மாற்றிக்கொண்டான். மிஸ் ஹாரியட் கிட்டே வந்து உட்கார்ந்து, "எங்க பயிற்சியில என்ன குறைன்னு நீங்க சொல்லுங்க" என்றார். கேட்க வேண்டும் என்று தோன்றியதே, அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை.

"குறையே இல்லம்மா. வட்டமெல்லாம் புரியுது. ஒண்ணுதான். நாளைக்கு உங்க துப்பாக்கிக்காரங்க என்ன சொல்வாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அது வேற துறை. நாங்க வேற."

"உங்க ஊர்ல வேறயா இருக்கும். எங்க ஊருக்கு ரெண்டு துறையும் ஒரே ரோட்லதாம்மா வருது."

அந்தம்மாள் இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு அது எங்கே போனதோ தெரியாது.

தேர்தலுக்கு ஓட்டர் சீட்டை ரேஷனோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. மறுபடி ரேஷன் பட்டியல், மறுபடி ஜாசிப். கடைக்கு வந்தவர்கள் மாவோடு சீட்டையும் வாங்கிப் போனார்கள். நஜஃபில் இருக்கிற பெரிய ஆலிம்கள், மார்க்கம் படித்த பெரியவர்கள், ஓட்டுப் போடச் சொல்லியிருந்தார்கள். அதனால் வாங்கினார்கள், வட்டத்துக்காக இல்லை. முஹைபிஸ் அம்மா மட்டும் மாவை வாங்கிக்கொண்டு சீட்டை அங்கேயே வைத்துவிட்டுப் போனது. அன்று சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு ஜாசிப் அதை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். நானும் போனேன்.

"வெச்சுட்டு வந்துட்டீங்கம்மா."

"மறந்து வெக்கலை" என்றது அந்தம்மா. "இந்தத் தடவை நடக்குமா ஜாசிப்பு?"

"நடக்கும்னுதான் சொல்றாங்க."

"அவங்க சொல்றதை விடு. நீ சொல்லு. சத்தியம் பண்ணு, வாங்கிக்கறேன்."

பண்ணித் தொலையுங்களேன் மச்சான் என்று மனசு அடித்துக்கொண்டது. அந்தம்மா முகத்தில் ஆசை இருந்தது, நான் பார்த்தேன். ஒரே ஒரு சொல்லுக்குக் காத்துக்கொண்டிருந்தது. ஜாசிப்பின் கை ஒரு தடவை அசைந்தது. பிறகு சட்டைப் பைக்குள் போய்விட்டது.

"இல்லம்மா. நடக்கும்னு நெனைக்கறேன். சத்தியம் பண்ண மாட்டேன்."

முஹைபிஸ் அம்மா தலையை ஆட்டியது. கோபமே இல்லை. "அன்னிக்கு நீ சத்தியம் பண்ணினே, தைரியமாப் பேரைச் சொன்னேன். அதுக்காக நீ ஜெயிலுக்கே போனே. அப்படிப்பட்டவன் நீயே இன்னிக்குப் பண்ண மாட்டேங்கறியே. எனக்கு இன்னிக்குத்தான்பா பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, டீ வேண்டுமா என்று கேட்டது. குடித்துவிட்டு வந்தோம். சீட்டு அவர் பையிலேயே திரும்பி வந்தது.

ஜனவரி முப்பதாம் தேதி தேர்தல் நடந்தது. வண்டி எதுவும் ஓடக்கூடாது என்று உத்தரவு. ஊரே கால்நடையாகப் போய் வரிசையில் நின்றது. அக்கா போட்டாள், நான் போட்டேன், ஜாசிப்பும் போட்டார். சுண்ணாம்பு அடித்த பள்ளிக்கூடத்து வாசலில் எல்லாரும் மை விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டார்கள். நாங்கள் திரும்பி வரும்போது முஹைபிஸ் அம்மா கதவு சாத்தியிருந்தது. புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது.

மறுநாள் ஜாசிப் சவரத்துக்கு வந்து உட்கார்ந்தார். நான் சோப்பைக் குழைத்துக்கொண்டே பொருமினேன். பொறுக்க முடியவில்லை.

"ஒரு சத்தியம் பண்ணியிருந்தா அந்தம்மாவும் போட்டிருக்கும் மச்சான். பதிமூணு, பதினாலு வருஷமா அந்தம்மாகிட்ட யாரும் உனக்கு என்ன வேணும்னு ஒரு வார்த்தை கேக்கலை. நேத்து ஒரு நாளு கேட்டிருப்பாங்க. கெடுத்துட்டீங்களே! நடக்கத்தானே செஞ்சுச்சு?"

"நடந்துச்சு."

"அப்பறம் என்ன வந்துச்சு உங்களுக்கு?"

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அவர் கண் கலங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நடக்கும்னு எனக்குத் தெரியாதே, ஹாதிம். தெரியாத ஒண்ணை அந்தம்மாகிட்ட மறுபடியும் சொல்ல எனக்கு வாய் வரலை."